ஒதுங்காத மெருகு

மார்ச் 11, செவ்வாய்

இன்று வகுப்பில் ஒரு சின்னத் தவறு வெளியே வந்தது. என்னுடையதுதான். ஃபைலைத் திறந்தவுடன் சுவிட்சின் செய்தியை அனுப்பும் பெட்டியை நான் வைக்கவில்லை. மாஸ்டர் போன மாதமே சொன்னார். நானும் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டதாலேயே வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

பிறகு படிக்கும்போது எனக்கே புரியாமல் போகும் என்பதால் முறையாக எழுதுகிறேன்.

மாலை வகுப்பில் நாங்கள் கற்பது ஒலிக்கான ஒரு மென்பொருள். திரையில் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுக்க வேண்டும். மைக் ஒரு பெட்டி. ஹெட்ஃபோன் ஒரு பெட்டி. பதிவு செய்வது ஒரு பெட்டி. கோடு போகும் வழியில் குரல் போகும். மென்பொருளில் இல்லாத ஒரு வேலையைச் செய்யும் பிளக்-இன்னை நாமே எழுதி, அதையும் ஒரு பெட்டியாக உள்ளே கொண்டுவந்து வைப்பதுதான் இந்தப் பருவத்துப் பயிற்சி. நான் எழுதியதற்கு மெருகு என்று பெயர் வைத்தேன். பேசும்போது குரல் உடைந்தால், அதற்குச் சற்று முன்னால் வந்த நல்ல ஒலியை எடுத்து உடைந்த இடத்தில் ஒட்டுப்போடும். சொற்களுக்கு நடுவே வரும் அறை இரைச்சலையும் துடைத்துவிடும்.

மெருகு வேண்டாம் என்றால் ஒதுக்கிவைக்க ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். திரையில் அது ஒரு சின்னக் கட்டம். கட்டத்தில் குறுக்குக் குறி இருந்தால் மெருகு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், குரல் உள்ளது உள்ளபடி போக வேண்டும். இதில்தான் கோளாறு. குறுக்குக் குறியோடு ஃபைலைச் சேமித்து மூடினால், மறுபடி திறக்கும்போது குறி அப்படியே தெரியும். ஆனால் 'ஒதுங்கு' என்ற செய்தி மட்டும் மெருகுக்குப் போயிருக்காது. யாராவது கட்டத்தைத் தட்டினால்தான் போகும். அதுவரை மெருகு தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

இன்று என் முறை. "முதல்ல மெருகு இல்லாம போட்டுக் காட்டு" என்றார் மாஸ்டர். பக்கத்து இருக்கைக்காரனுக்கு நல்ல சளி, தொண்டை கட்டியிருந்தது. எப்போதும் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பதால் அவனுக்குத் தாளம் என்று பெயர். அவனை மைக்கில் பேசச் சொன்னேன். கட்டத்தில் குறுக்குக் குறி இருந்தது. பேசினான். ஸ்பீக்கரில் குரல் பாலாடை மாதிரி வந்தது.

"அட, எனக்குச் சளி போயிடுச்சு!" என்றான் தாளம்.

"டாக்டர்கிட்ட குடுத்த காசைத் திருப்பி வாங்கிடு" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

மாஸ்டர் எழுந்து வராமலே, "கட்டத்தை ரெண்டு தடவை தட்டும்மா" என்றார். தட்டினேன். குறி போய் மறுபடி வந்தது. இப்போது தாளத்தின் குரல் எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். "கடை வாசல்ல 'மூடியுள்ளது'ன்னு பலகை, உள்ள ஜோரா வியாபாரம்" என்றான் தாளம். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

என் அக்கா டப்பிங் கலைஞர். தொடர்களில் கதாநாயகிக்குத் தங்கையாக, தோழியாகப் பேசியிருக்கிறாள். ஒரு கார்ட்டூனில் அணில் அவள்தான். கீழ்வீட்டுக் குழந்தைகள் அவளைப் பார்த்தாலே "அணில் பேசு, அணில் பேசு" என்று துணியைப் பிடித்து இழுக்கும். போன மழைக்காலத்தில் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போய்விட்டது. குரல் முழுதாகத் திரும்பவில்லை. தாழ்வாகப் பேசினால் தெரியாது. கொஞ்சம் உயர்த்தினால் நடுவில் கிழியும். வரலாம், வராமலும் போகலாம், காலம்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். அதிலிருந்து அக்கா அணில் பேசுவதில்லை. வேலைக்கும் யாரும் கூப்பிடவில்லை.

போன வாரம் அவளுக்குத் தெரிந்த ஸ்டூடியோவில் ஒரு தொடரின் நாயகிக்குக் குரல் தேடுகிறார்கள் என்று தகவல் வந்தது. மாதிரி அனுப்பச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை என் மைக்கில், என் கணினியில், இதே ஃபைலைத் திறந்துதான் பதிவு செய்தேன். மைக்கும் பதிவுப் பெட்டியும் அதில் தயாராக இருந்தன, அதனால்தான். வேறு எண்ணம் எனக்கு இல்லை. கட்டத்தில் குறுக்குக் குறி இருந்ததைப் பார்த்த ஞாபகம் நன்றாக இருக்கிறது. தட்டிய ஞாபகம் இல்லை.

முதலில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு படித்தாள். இரண்டு வரியிலேயே தடுமாறி நிறுத்தினாள். "என்னடி இது, என் குரல் என் பின்னாலேயே ஓடி வருது?" என்றாள். கம்ப்யூட்டர் பழசு, அப்படித்தான் இருக்கும் என்றேன். மெருகுக்கு முன்பின் பார்த்து ஒட்ட நேரம் வேண்டும், அதனால் குரல் சற்றுத் தாமதமாகத்தான் வரும். இதை எழுதியவளே நான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் படித்தாள். கேட்டுப் பார்த்தோம். எங்கேயும் கிழியவில்லை. அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். அன்றே அனுப்பினாள். நேற்று ஸ்டூடியோ மேனேஜர் போன் செய்து, "பழைய மாதிரியே இருக்கே, வியாழக்கிழமை வந்து படத்தோட பேசிக் காட்டுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை புழுக்கமாக இருந்ததால் மின்விசிறியை அணைக்கவில்லை. எங்கள் விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். பதிவில், வரிகளுக்கு நடுவே, அந்த 'டக்' இல்லை. ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்டிருந்தது.

அப்படியும் சமாதானம் ஆகாமல் கூடத்துக்குப் போய் அத்தானைக் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை கரண்ட் போச்சா அத்தான்?"

"போகலியே. ஏன் ஆடிட்டர், கரண்ட் பில்லையும் ஆடிட் பண்றியா?" எதையும் மறுபடி மறுபடி சரிபார்ப்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

கரண்ட் போயிருந்தால் கணினியும் நின்றிருக்குமே என்பது கேட்ட பிறகுதான் தோன்றியது. பதில் எனக்கு முன்பே தெரிந்திருந்தது, வேறு ஒன்று கிடைக்காதா என்று அலைந்திருக்கிறேன்.

அக்கா உள்ளறையில் பழைய தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாண்டி, கூப்பிட்டுட்டாங்க" என்று சிரித்தாள். சிரிப்பின் உச்சியில் குரல் கிழிந்தது, இருமிச் சமாளித்தாள். நான் கதவுவரை போனேன். சொல்லவில்லை.

நாளை காலை அக்காவிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 12, புதன்

காலையில் சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எழுந்தபோது அக்கா தலையில் துண்டைப் போர்த்தி ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். துண்டுக்குள்ளிருந்தே "பல் தேச்சியா?" என்று கேட்டாள். அத்தான் காபியோடு வந்து, "உங்கக்காவைப் பாத்தியா, நாளைக்கு நாயகியாம். இன்னிக்கே என்னை டிரைவர் மாதிரிதான் பாக்கிறா" என்றார். துண்டு குலுங்கியது. அந்தச் சிரிப்பை உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். நேரம் இருந்தது.

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்குக் கண் பரிசோதனை மேசை. மதியம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். ஒரு கண்ணை மூடச் சொன்னேன். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை கடகடவென்று சொன்னார். வேகமாகச் சொன்னதால் எனக்குச் சந்தேகம் வந்தது. பலகையைத் திருப்பிப் பின்பக்கத்து எழுத்துகளைக் காட்டினேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார்.

"பழைய பலகைன்னா சொல்லிடுவேம்மா" என்றார்.

"அது உங்களுக்கு மனப்பாடம்ணே."

"அதான் சொல்றேன், அதுலயே பாத்துடேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்காமல் மறுபடி சொன்னார். பிறகு கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அவரிடம் அவ்வளவு கறாராக இருந்த நான்தான் காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்தேன்.

வகுப்புக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தேன். அக்கா கட்டிலில் இரண்டு உடைகளை விரித்து வைத்திருந்தாள்.

"நீலமா, பச்சையா?"

"குரலுக்கு எந்தக் கலர் போட்டா என்ன?" என்றார் அத்தான்.

"மைக் முன்னால போறவரைக்கும் ஆளைத்தானே பாப்பாங்க? நீங்க சும்மா இருங்க. நீ சொல்லுடி."

"அக்கா, ஞாயித்துக்கிழமை பதிவுல ஒரு தப்பு இருக்கு."

"தப்பா? நல்லாத்தானே இருந்துச்சு."

"நல்லா இருந்ததுதான் தப்பு."

சொன்னேன். கட்டம், குறுக்குக் குறி, போகாத செய்தி என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினாள். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"உன் குரல் உடைஞ்ச இடத்தையெல்லாம் என் பிளக்-இன் ஒட்டிடுச்சு. அது ஒதுங்கியிருக்குன்னு நினைச்சேன். ஒதுங்கல."

பச்சை உடையை மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு சரியாக வரவில்லை. உதறி மறுபடி மடித்தாள்.

"அப்ப அவங்க கூப்பிட்டது என்னை இல்ல."

மடித்ததைக் கட்டிலில் வைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து. வகுப்புல."

"நேத்து நான் போன்ல ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டிருந்தேன். நீ வாசப்படிலதான் நின்னே."

"ம்."

"காலையில ஆவி பிடிச்சுட்டிருந்தேன்."

"ம்."

"'ம்' போடறதுக்கு மட்டும் வாய் வருது."

"விடேன், பச்சைப்புள்ள, தெரியாமப் பண்ணிட்டா" என்றார் அத்தான்.

"பச்சைப்புள்ளயா? ஊர்ல இருக்கிறவங்க கண்ணையெல்லாம் அளந்து எழுதிக் குடுக்குது உங்க பச்சைப்புள்ள." என் பக்கம் திரும்பினாள். "வீட்டைப் பூட்டினா மூணு தடவை இழுத்துப் பாக்கிறவ நீ. என் குரல் நல்லா வந்தப்ப மட்டும் ஏன் இழுத்துப் பாக்கலை?"

இந்தக் கேள்விக்கு நேற்றிலிருந்து ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். மென்பொருள், சேமிக்கும் முறை என்று போகும் பதில். அது வரவில்லை.

"கேட்டப்ப உன் பழைய குரல் மாதிரியே இருந்துச்சுக்கா. அதுக்கு மேல பாக்க மனசு வரல."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். அத்தான் பச்சை உடையை எடுத்து அலமாரியில் வைத்தார், அங்கே வைக்க வேண்டியதே இல்லை, எதையாவது செய்ய வேண்டுமே என்று வைத்தார்.

"கம்ப்யூட்டரை எடு" என்றாள் அக்கா. "அது இல்லாமப் போடு. நானே பாக்கிறேன்."

கட்டத்தைத் தட்டி ஒதுக்கினால் போதும். ஆனால் அந்தக் கட்டத்தை அவள் இனி நம்பமாட்டாள், நானும் நம்பவில்லை. மெருகு பெட்டியையே அழித்தேன். அது போனதும் இருபக்கத்துக் கோடுகளும் கூடவே போய்விட்டன. மைக்கிலிருந்து பதிவுப் பெட்டிக்கும் ஹெட்ஃபோனுக்கும் அவள் பார்க்கப் பார்க்கப் புதிதாகக் கோடு இழுத்தேன். "இதுதானே? நடுவுல ஒண்ணும் இல்லையே?" என்று விரலால் திரையில் தொட்டுக்கொண்டே போனாள்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதே பக்கத்தைப் படித்தாள். நாயகி பூட்டிய வீட்டு வாசலில் நின்று பேசும் காட்சி. இந்த முறை தடுமாறவே இல்லை. குரல் அவள் பின்னால் ஓடிவரவில்லை. "கதவைத் திறங்க, நான் பேசிட்டுத்தான் போவேன்." 'திறங்க' என்ற இடத்தில் கிழிந்தது. விடாமல் அடுத்த வரிக்குப் போனாள். அங்கேயும் கிழிந்தது. தாழ்வாகப் பேச வேண்டிய இடங்களில் மட்டும் அவள் அவளாக இருந்தாள். கடைசிவரை படித்தாள்.

பிறகு கேட்டோம். விசிறியின் 'டக்' வரிக்கு வரி வந்தது.

"பழையதையும் போடு."

போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், "நல்லாத்தான் பேசறா" என்றாள். "யாரு பெத்த பொண்ணோ."

அத்தானுக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு மெல்ல, "நாளைக்கு அப்படியே போயிடேன். அங்க மைக் பெரிசா இருக்கும். ஒருவேளை..." என்றார்.

"பெரிய மைக்ல பெரிசாக் கிழியும்."

"இல்லேன்னா இவளோட பெட்டியை அங்க கொண்டுபோய் மாட்டச் சொல்லலாமே? இவதான் எழுதிட்டாளே."

உண்மையைச் சொன்னால், இதே யோசனை பஸ்ஸில் எனக்கும் வந்தது. தாமதத்தைக் குறைக்க வழி உண்டா என்றுகூடக் கணக்குப் போட்டேன். கேட்டதும் எனக்கு நப்பாசை எழுந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"வேண்டாம்டி" என்றாள். நான் விஷயத்தைச் சொன்ன பிறகு அவள் என்னிடம் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "அழற காட்சின்னு வை. நான் அழும்போது வேணும்னே குரலை உடைப்பேன். அதையும் உன் பெட்டி ஒட்டிடும். அப்புறம் யாரு அழறது?"

எனக்கு இது தோன்றியதே இல்லை. எந்த உடைப்பு தானாக வந்தது, எது அவள் வேண்டுமென்றே செய்தது என்று மெருகுக்குத் தெரியாது. அதற்குச் சொல்லிக்கொடுக்க எனக்கும் தெரியாது.

போனை எடுத்தாள். எழுதி அனுப்புவாள் என்று நினைத்தேன். வாயருகே வைத்துப் பேசியே பதிவு செய்தாள். "சார், ஞாயித்துக்கிழமை நான் அனுப்பினது என் தங்கச்சி செஞ்ச ஒரு சாஃப்ட்வேர் வழியா வந்த குரல். எங்களுக்கு அப்பத் தெரியல. இப்ப நீங்க கேக்கறீங்களே, இதுதான் இன்னிக்கு என்கிட்ட இருக்கிறது." 'இருக்கிறது' கிழிந்தது. மறுபடி பதிவு செய்வாள் என்று பார்த்தேன். செய்யவில்லை. அதையே அனுப்பினாள். கூடவே புதுப் பதிவையும் என்னை அனுப்பச் சொன்னாள். ஃபைலை இணைக்கும்போது சரியானதைத்தான் இணைக்கிறேனா என்று மூன்று தடவை பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அத்தான் பாத்திரம் கழுவப் போனார். இரண்டு தட்டுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.

போன் அடித்தது. அக்கா நின்றுகொண்டு பேசினாள். "சரி சார்... புரியுது சார்... இல்ல, தப்பா எடுத்துக்கல." நிறைய நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாயகி இல்ல. வேற ஆளைப் பாக்கறாங்களாம். நாளைக்கே கூட்டக் குரலுக்கு ஆள் குறையுதாம், வர்றீங்களான்னு கேக்கறார்."

கூட்டக் குரல் என்றால் சந்தைக் காட்சியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து சலசலப்பது. அக்கா இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்தது அதுதான். அங்கிருந்து ஏறிவர அவளுக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"என்ன சொன்னே?" என்றார் அத்தான், ஈரக் கையோடு.

"வர்றேன்னு சொன்னேன். கூட்டத்துக்குக் கரகரப்பு இருந்தா எடுப்பா இருக்கும்." சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்பு வருவதற்குள் முகம் வேறுமாதிரி ஆகிவிட்டது. உள்ளே போனாள். அத்தான் பின்னாலேயே போனார்.

நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லாமலே இருந்திருந்தால் நாளை மைக் முன்னால் எல்லோர் எதிரிலும் தெரிந்திருக்கும். நேற்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் சந்தோஷம் குறைந்திருக்கும், அவமானமும் கொஞ்சம் குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையே கட்டத்தை இரண்டு தடவை தட்டியிருந்தால் யாரும் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். அப்போது இந்தக் கூட்டக் குரலும் வந்திருக்காது. எதை எதில் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்குப் பார்ப்பதை நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கதவருகே வந்து நின்றாள். "கூட்டத்துல யாரும் ஆளைப் பாக்கமாட்டாங்க. பழசு ஏதாவது போட்டுக்கறேன்" என்றாள்.

"நான் கூட வரட்டுமா?"

"பஸ்வரைக்கும் வா. உள்ள வராத." போகத் திரும்பியவள் நின்றாள். "அந்தப் பழைய பதிவை அழிச்சுட்டியா?"

"இல்ல. அழிக்கவா?"

யோசித்தாள். "இருக்கட்டும். எனக்குப் போட்டுக் காட்டாத" என்றாள்.

நாளை: காலையில் அக்காவைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று இப்போதே சொல்ல வேண்டும். வகுப்பில், ஃபைல் திறந்தவுடன் கட்டத்தின் செய்தியை மெருகுக்கு அனுப்பும் பெட்டியை வைத்து, மூடி, மறுபடி திறந்து, தாளத்தைப் பேசச் சொல்லிக் காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.